உழுவண்டியின் நோயும் முதலும்

பொறியொன்று பழுதுறுங்கால் அதனைப் பிரித்துப் போடுதல் எளிது. யாது காரணத்தால் பழுதுற்றது என உய்த்துணர்தல் அரிது. இவ்வுண்மை எனக்குத் தெளிவாய்ப் புலப்பட்டது புதுவையை அடுத்த பாகூரில், சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையின்போது.

அவ்வூரில் வாழும் என் அம்மானிடம் சிறு டிராக்டர் ஒன்று உண்டு, பழையதாக வாங்கியது. நம் நாட்டு டிராக்டர்களிற் பெரும்பாலன கியரால் ஓடுவன. இஃதோ எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது. நெல் அறுவடைப் பொறிகளில் இம்முறையைக் காணலாம். அமெரிக்க நாட்டு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தார் 1967-இல் 656 என்னும் டிராக்டரில் இதனை அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

இதன் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை உந்தும். அவ்வெண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றச் சக்கரம் உருளும். பம்பினுள் உள்ள சாய்தட்டைப் பெடல் அசைக்கும். தட்டு மிகச் சாயின் விரைவு மிகும். நேர்நிற்பின் வண்டி நிற்கும். எதிர்ப்புறம் சாயின் பின்னோக்கி ஓடும். அடைபட்ட நீர்மத்தில் இட்ட அழுத்தம் எப்பக்கமும் குறையாது பரவும் எனப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கண்ட விதியே இதற்கு அடிப்படை.

அம்மானின் வண்டி காலையில் நன்றாய் உழும். ஒரு மணி நேரத்தில் வலியிழந்து, வரப்பேற மாட்டாது நின்றுவிடும். வாடகை உழவே அக்குடும்பத்தின் வருவாய். பம்பையே மாற்றல் வேண்டும் எனப் பட்டறையார் ஒருவர் கூறிவிட, அத்தை தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக்கென எடுத்து வைத்தார்.

அந்நிலையில் வில்லியனூரிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். வந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “சுமை ஏறும்போது எஞ்சின் திணறுகிறதா, அல்லது எஞ்சின் ஒலி மாறாமல் சக்கரம் மட்டும் சோர்கிறதா?” என வினவினார்.

“சக்கரந்தான் சோர்கிறது, ஐயா” என்றார் அம்மான்.

“அப்படியானால் குறை எண்ணெய் வழியில் உள்ளது. குளிர்ந்தபோது வலிமையும் சூடேறினால் சோர்வும் காண்பதால், சூட்டின் காரணத்தை முதலில் தேடுவோம்.”

பின்னர் எளியதினின்று அரியதை நோக்கிச் சென்றார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். எண்ணெய் அளவு குறையவில்லை. எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீர் கலந்தது. நுரைத்தால் காற்றுப் புகுந்தது. இதுவோ கருத்துத் தீய்ந்த நாற்றம் வீசிற்று. வண்டியைக் கட்டி இழுக்குங்கால் திறக்கும் பைபாஸ் நெம்புகோல் மூடியே இருந்தது. பெடலின் இணைப்புக் கம்பியும் தளரவில்லை. எஞ்சினை ஓட்டி, கசிவு உண்டோவென அட்டைத் துண்டால் தேடினார். கையால் தடவுதல் கூடாது. உயரழுத்த எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்துவிடும்.

மீண்டும் எஞ்சினை அணைத்து, இருக்கையின் கீழுள்ள தகட்டைக் கழற்றினார். ஆங்குக் குளிர்விசிறியும் பம்பு உறையின் செதிள்களும் தோப்புத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து மெழுகியதுபோல் அடைபட்டிருந்தன. வெப்பம் வெளியேற வழியின்மையால் எண்ணெய் நீர்த்தது. நீர்த்த எண்ணெய் பம்பின் உள்ளிடுக்குகளிற் கசிய, உந்தும் வலி குன்றியது. தூசியைக் களைந்து, பில்டரையும் எண்ணெயையும் மாற்றினார். வண்டி சூடேறிய பின்னர் அழுத்தமானியை இணைத்துப் பார்த்தார்; அழுத்தம் தாழவில்லை. அன்று மாலைவரை வண்டி உழுதது. அத்தையின் சங்கிலி அடகுக்கடை செல்லவில்லை.

நண்பர்காள்! திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நாம் உரைகளுடன் பயில்கின்றோம். நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் நெறி. அந்நெறி பொறிக்கும் உரியது, ஏட்டுக்கும் உரியது. பொருள் விளங்காத பாடத்தைக் கண்டவுடன் திருத்திவிடுவோனும், சோர்ந்த வண்டியைக் கண்டவுடன் பம்பை மாற்றுவோனும் ஒரு தன்மையரே. முன்னவனால் நூல் கெடும். பின்னவனால் ஓர் ஏழைக் குடும்பம் கடன்படும். ஆதலின், எதனையும் மாற்றுமுன் வினவுதலையும் நோக்குதலையும் நாம் பழகிக்கொள்வோமாக.