பாட்டைக் கெடுத்தது யார்?

இன்றைய பாட்டுத் தரங்கெட்டுவிட்டது என்ற புலம்பல் ஆசிரியர் அறைகளிலும் கலியாண வீடுகளிலும் ஓயாது கேட்கிறது. ஓசை மிகுந்துவிட்டது, சொல் செத்துவிட்டது, இளைஞரின் ரசனை சீரழிந்துவிட்டது என்கின்றனர். இக்கூற்றை நாம் எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் இயலாது. அப்படியே ஏற்கவும் இயலாது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தோரும் உளர். 1955 முதல் 2010 வரையிலான நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மேனாட்டு ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த ஸ்பானிய அறிஞர் குழுவொன்று, சுரங்கள் தொடரும் முறையில் வகைமை குறைந்துவருகிறது, ஒலியின் உரப்பு ஏறிவருகிறது என்று 2012இல் அறிவித்தது. 2015இல் லண்டன் ஆய்வாளர் சிலர் 1960 முதல் 2010 வரை அமெரிக்காவில் பிரபலமடைந்த பாடல்களுள் ஏறத்தாழ 17,000ஐ ஆராய்ந்து, எல்லாம் ஒரே வார்ப்பாகிவருகின்றன என்பதற்குச் சான்றில்லை என்றனர். ஆகவே, சீரழிவு என்பது ஐயமறத் தெளிந்த முடிபன்று. மக்களின் காதுக்குச் செல்லும் வழி எவர் கையில் இருக்கிறது என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்களை இழிந்தவையெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் இடம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. சாஸ்திரிய சங்கீதம் பெருக்கப்பட்டது. மக்களின் ரசனை உயர்ந்ததா? அவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைப் பிடித்தனர். அங்கே பினாகா பற்பசையின் பெயரால் நடந்த ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி இந்தியா முழுவதையும் கவர்ந்தது. பாட்டோடு விளம்பரமும் கடல் கடந்தது. ஈற்றில், 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி, தான் விலக்கிய பாட்டை இந்திய வானொலி மீண்டும் அழைத்துக்கொண்டது. மேலிருந்து ஓதப்பட்ட ரசனை வர்த்தகனுக்கே வாசலைத் திறந்துவிட்டது.

இன்று அவ்வாசலில் நிற்பவை இணையவழி இசை நிறுவனங்கள். ஸ்பொட்டிஃபை நிறுவனத்தின் கணக்கில், ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் அது கேட்கப்பட்டதாகும். நிதானமாக விரியும் முன்னிசைக்கு அங்கே இடம் ஏது? 2024 முதல், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு அந்நிறுவனம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. 900 தடவை கேட்கப்பட்ட கிராமத்துப் பாடகனின் உழைப்பு, அக்கணக்கில் உழைப்பே அன்று. இத்தகைய சந்தையின் விதிகளை விட்டுவிட்டு, அதில் விற்பதை வாங்கும் இளைஞனை மட்டும் பழிப்பது நியாயமாகுமா?

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவற்றுக்கு வித்துவான்களின் அங்கீகாரமும் இருந்ததில்லை. சந்தையில் விலையும் இருந்ததில்லை. ஆயினும் கங்காணியின் கொடுமையும் தொழிலாளியின் துயரும் அவற்றில் இருந்தமையால், அவை வாய்க்கு வாய் வாழ்ந்தன.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவன் விரும்பும் பாட்டை வகுப்பறைக்குள் வரவிடுவோம். அது யாருடைய வாழ்வைப் பாடுகிறது, அதனால் இலாபம் அடைபவர் யார் என்று அவனோடு சேர்ந்து ஆராய்வோம். அதன் அருகே தோட்டத்துப் பாடலையும் வைப்போம். இரண்டையும் கேட்டபின் தரத்தைப் பற்றி அவனே பேசட்டும்.