சாக்ஸோவில் வந்த செபாஸ்டியன் லோப்

ராலி என்றாலே நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டிகள்தான் எல்லோருக்கும். எனக்கென்னவோ 2001 சூப்பர் 1600 சீசன்தான் பிடிக்கும். 1600 சிசி இன்ஜின், முன்சக்கர இழுவை. பவர் குறைவு, வளைவில் வேகத்தை விட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. ஓட்டுபவரின் கை அங்கேதான் தெரியும்.

மொத்தம் ஆறே சுற்று. கேட்டலூனியா, கிரீஸ், பின்லாந்து, கோர்சிகா, பிரிட்டன் என ஐந்தில் சிட்ரோயன் சாக்ஸோவில் ஜெயித்தார் செபாஸ்டியன் லோப். தாரோ மண்ணோ, கவலையே இல்லை.

மிச்சமிருந்த சான்ரெமோவில் சிட்ரோயன் அவருக்கு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய க்ஸாரா வண்டியைக் கொடுத்தது. மனுஷன் ராலியை வென்ற பனிஸிக்கு அடுத்து ஒட்டுமொத்தத்தில் இரண்டாவது! பின்னால் வந்த ஒன்பது உலகப் பட்டங்களை விட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

சூப்பர் 1600-ல் லோப் விட்ட அந்தச் சுற்றை வென்ற டல்லாவில்லாவுக்குச் சீசனில் இரண்டாமிடம். பாவம், தப்பான வருஷத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.