முதிர்ந்த கலைமானும் முன்னறிவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்தில் அமைந்த விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆண்டுதோறும் நவெம்பர் மாதத்தின் பிற்கூற்றில் ஒன்பது நாள்கள் துப்பாக்கி வேட்டைக்கென ஒதுக்கப்படுகின்றன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுமதிப்பத்திரம் பெற்று, பொழுது புலருமுன்னரே குளிர் உறைந்த காட்டுக்குள் நுழைகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது வெண்வால் மானை. அஞ்சி ஓடும்போது வாலை நிமிர்த்தி அதன் வெள்ளை அடிப்புறத்தைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது அது. மானுக்கு அங்குப் பஞ்சமில்லை. சோள வயலோரத்திலும், பெருந்தெருவின் இருமருங்கிலும், வீட்டுத் தோட்டத்திலுங்கூட அது மேய்வதைக் காணலாம். ஆயினும் ஐந்து வயதை எட்டிய கலைமானொன்றை வேட்டைப் பருவத்திற் பகலொளியிற் கண்டேன் என்று சொல்லக்கூடியவர் அவ்வைந்து இலட்சத்தில் மிகச் சிலரே. நாளைக் காலையில் அது எவ்வழியால் வரும் என்ற வினா வேட்டைக்காரர் பலரின் உறக்கத்தைக் கெடுத்துவருகிறது. அவ்வினாவுக்கு விடையுண்டா என்பதை ஆராய்வது வேட்டைக்காரனுக்கு மட்டும் உரிய வேலையன்று. ஒரு பேரினத்தைப் பற்றிய அறிவு அவ்வினத்தின் ஓர் உயிரைப் பற்றிய அறிவாகுமா என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

தமிழில் ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் வழங்கும் மரபு பழையது. முதிர்ந்த கலையை முதுகலை என்று சுருக்கின், பல்கலைக்கழகச் சூழலிற் பட்டமொன்றாக மயங்க இடமுண்டு. ஆதலால் முதிர்ந்த கலை என்றே கொள்வோர்க்கு மயக்கமில்லை. வெண்வால் மானின் கலைக்கு ஆண்டுதோறும் கிளைக்கொம்பு புதிதாக முளைத்து, குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். உடலும் கொம்பும் முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செல்லும். அவ்வயதை அடையும் முன்னரே பெரும்பாலானவை குண்டுக்கு இரையாகிவந்தன என்பதுதான் நெடுங்கால வரலாறு.

1900ஆம் ஆண்டளவில் தோலுக்கும் இறைச்சிக்குமாக அளவின்றிக் கொல்லப்பட்டு, அம்மானினம் முழுக் கண்டத்திலும் சில இலட்சங்களாகச் சுருங்கியிருந்தது. வேட்டைப் பொருள்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்திய 1900ஆம் ஆண்டுச் சட்டமும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை மீட்க உதவின. இன்று அதன் தொகை மூன்று கோடியளவினதாக மதிப்பிடப்படுகிறது. எனினும் தொகை பெருகிய காலத்திலும் கொம்பு முளைத்த முதலாண்டிலேயே கலைகள் வீழ்த்தப்பட்டன. 1975இல் அல் பிரதர்ஸ், மர்பி றே என்போர் ரெக்சாஸ் அனுபவத்தைக் கொண்டு எழுதிய நூலும், 1988இல் தென் கரோலைனாவில் தோன்றிய தரமான மான் பேணுகைச் சங்கமும், இளங்கலைகளைச் சுடாது விடுக என்ற கருத்தைப் பரப்பிய பின்னரே முதிர்ந்த கலைகள் குறிப்பிடத்தக்க அளவில் உயிர்வாழத் தொடங்கின. ஆகவே, முதிர்ந்த கலையின் போக்கை முன்னறிவதெப்படி என்ற வினா, தொன்மையான வேடுவ வினாவாகத் தோன்றினும், இப்போதைய வடிவில் அரை நூற்றாண்டு வயதுடையதே எனலாம்.

தொல்குடியினரின் வினா வேறாக இருந்தது. 1615ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒன்ராறியோ ஏரியை அடுத்த காட்டில் கியூரன் மக்களோடு தங்கியிருந்த பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன், அவர்களது மான் வேட்டையை விவரித்துப் படமும் வரைந்து வைத்துள்ளார். மரக்கம்புகளால் இரு நெடிய வேலிகளை முக்கோணமாக நிறுத்தி, அவை கூடும் முனையில் ஒரு பட்டியை அமைத்து, எலும்புகளைத் தட்டி ஒலியெழுப்பியும் ஓநாய்போல் ஊளையிட்டும் மான்களை அதனுள் ஓட்டினர். 38 நாள்களில் 120 மான்கள் அகப்பட்டன என்கிறார். குறித்த ஒரு கலை எங்குச் செல்லும் என்று அவர்கள் கணித்ததில்லை. செல்லும் வழியையே தம் கையால் அமைத்துக்கொண்டனர். ஓர் ஊர் முழுவதும் உண்ண வேண்டியிருந்தது. எந்த மான் என்பது பொருட்டன்று. தனியொருவன் தனியொரு கலையைத் தேர்ந்து காத்திருக்கும்போதுதான் முன்னறிவு ஒரு தேவையாகிறது.

முன்னறியத்தக்கவற்றுள் முதலாவது காலம். வட மாநிலங்களில் இவ்வினத்தின் இணைசேர்க்கை நவெம்பர் நடுப்பகுதியில் உச்சமடைகிறது. பகலொளியின் நீளம் குறைவதை மானின் உடல் உணர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். குளிரோ நிலவோ அன்று. சூல்காலம் ஏறத்தாழ 200 நாள்கள் ஆதலால், குட்டிகள் மே மாத இறுதியிலும் யூன் தொடக்கத்திலும், தளிர் நிறைந்த காலத்திற் பிறக்கின்றன. முந்திப் பிறந்தது குளிரில் மடியும். பிந்திப் பிறந்தது அடுத்த பனிக்காலத்துக்குள் வளராது. இந்நெருக்கடியே காலத்தை இறுக்கிவைத்திருக்கிறது. தெற்கே செல்லச் செல்ல அவ்விறுக்கம் தளர்கிறது: புளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் யூலை, ஓகஸ்ற் மாதங்களிலும், வடமேற்கில் சனவரியிலும் அதன் பின்னரும் இணைசேர்தல் நிகழ்கிறது. அயனமண்டலத்து மானுக்கு அக்கட்டுப்பாடு இன்னும் குறைவு. வில்பத்துக் காட்டில் எம்மாதம் சென்றாலும் முற்றிய கொம்புடைய புள்ளிமானையும் கொம்பு உதிர்த்த புள்ளிமானையும் ஒருங்கே காண முடிவது இதனாலேயே. விஸ்கொன்சின் வேட்டைக்காரன் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லக்கூடியதை வில்பத்துவில் எவரும் சொல்லவியலாது.

அடுத்தது உடலின் தேவை. மான் இரைமீட்கும் விலங்கு. விரைந்து மேய்ந்து, மறைவிடத்திற் படுத்து, அசைபோடுவது. ஆகவே விடியலிலும் அந்தியிலும் மேய்ச்சல் நிலத்துக்கும் படுக்கைக்கும் இடையே அது நடந்தே ஆகவேண்டும். எங்கே படுக்கும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. குன்றுப் பாங்கான நிலத்தில் முதிர்ந்த கலை, காற்று வீசும் பக்கத்துக்கு மறுபுறச் சரிவில், உச்சிக்குச் சற்றே கீழே படுப்பதை அனுபவமுடையோர் கூறுவர். பின்னாலிருந்து வருவதை மூக்கு அறியும். கீழிருந்து வருவதைக் கண் அறியும். காலை வெயில் ஏறும்போது சரிவின் காற்று மேலெழுந்து பள்ளத்தின் மணத்தையும் அதற்குக் கொண்டுவந்து சேர்க்கும். மாலையிற் குளிர்ந்து கீழிறங்கும். வேட்டைக்காரன் தன் பரணை எங்கே கட்டுவது என்பதில் இதனைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. கண்ணைப் பொறுத்தவரை மானுக்குச் செந்நிறத்தைப் பகுத்தறியும் ஆற்றல் இல்லை. வேட்டைக்காரர் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்கப் பல மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ள பளிச்சிடும் செம்மஞ்சள் மேலாடை, மனிதக் கண்ணைக் குத்துவது. மானுக்கோ மங்கிய நிறமாகவே தோன்றுவது. அதே ஆடையிற் படிந்த சவர்க்கார மணத்தை அது தொலைவிலேயே அறிந்துவிடும்.

கலை தானே விட்டுச்செல்லும் குறிகளும் உள. கொம்பின் மென்தோல் உரிந்த செப்ரெம்பர் முதல் இளமரங்களிற் கொம்பை உரைஞ்சிப் பட்டையை உரிக்கும். ஒக்ரோபரில் தாழ்ந்த கிளையொன்றின் கீழ் நிலத்தைக் குளம்பாற் சுரண்டிச் சிறுநீர் கழித்து, அக்கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தை இடும். இவற்றைக் கண்டதும் புதியவன் அகமகிழ்ந்து அருகிலேயே பரண் கட்டுகிறான். தானியங்கிக் கமராக்கள் வந்தபின் தெளிவானது யாதெனில், அச்சுரண்டல்களுக்கு மான்கள் பெரும்பாலும் இரவிலேயே வருகின்றன. ஒரே இடத்தைப் பல கலைகள் பயன்படுத்துகின்றன. குறி பொய்யன்று. அது கடந்த இரவின் செய்தி. வரப்போகும் காலையின் செய்தியாக அதனை வாசிப்பதே பிழை.

நிலவைப் பற்றிய நம்பிக்கையோ வேரூன்றியது. ஜோன் ஓல்டன் நைற் என்பவர் 1926இல், சூரிய சந்திர நிலைகளைக் கொண்டு மீனும் விலங்கும் ஊக்கத்துடன் இயங்கும் நேரங்களைக் கணிக்கலாம் என்று ஒரு கோட்பாட்டை வகுத்தார். பஞ்சாங்கம்போன்ற அட்டவணைகள் இன்றளவும் விற்பனையாகின்றன. நல்லநேரம் பார்த்துப் புறப்படும் வழக்கம் கீழைத்தேயத்தாருக்கு மட்டும் உரியதன்று போலும்! கழுத்துப்பட்டியிற் செய்மதிவழி இடமறி கருவியைப் பொருத்திப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் மான்களின் நடமாட்டத்தை இரவுபகலாகப் பதிந்தபோது, வளர்பிறையோ தேய்பிறையோ குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை என்றே கண்டனர். எப்பிறையாயினும் விடியலும் அந்தியுமே மேலோங்கி நின்றன.

அதே கழுத்துப்பட்டிகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. ஒரே காட்டில் வாழும் ஒரே வயதுக் கலைகள் ஒன்றைப்போல் மற்றொன்று நடப்பதில்லை. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் தாம் தொடர்ந்த முதிர்ந்த கலைகளுட் சில, ஆண்டு முழுவதும் ஒரே வாழ்புலத்திற் தங்கியதையும், வேறு சில தொலைவில் அமைந்த இரு வாழ்புலங்களுக்கிடையே மாறி மாறிச் சென்றதையும் கண்டனர். சில கலைகள் இணைசேர் பருவத்தில் திடீரெனத் தம் புலத்தைவிட்டுப் பல மைல் சென்று, ஓரிரு நாளில் மீள்கின்றன. உச்சப் பருவத்திலோ வேட்கையுற்ற பிணையொன்றை அண்டி, எவரும் நினையாத புதர்மூலையில் ஒரு நாளுக்கு மேலாக அசையாது நிற்பதும் உண்டு. மான்கள் மிகுதியாக அலையும் நாள்கள் என்று நாட்காட்டி காட்டும் அந்நாள்களிலேயே தேடப்படும் கலை அடியோடு மறைந்துபோவது இதனாலேயே. ஆயிரம் கலைகளின் சராசரி சரியானது. ஆனால் சராசரிக் கலை என்று ஒன்று காட்டில் நடமாடுவதில்லை.

இவை யாவற்றினும் முக்கியமானது, மானும் முன்னறிகிறது என்பது. மிச்சிகன் மாநிலத்துக் கசினோ என்னுமிடத்தில் ஒரு சதுர மைல் நிலத்தை வேலியிட்டடைத்து, உள்ளே எத்தனை மான்கள் உள்ளன என்று அறிந்த நிலையில் வேட்டைக்காரரை அனுப்பிப் பார்த்தனர். 1965இல் வெளியான அவ்வாய்வின்படி, தப்பியோட வழியற்ற அவ்வடைப்பினுள்ளும் ஒரு கலையை வீழ்த்த ஏராளமான மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. கலை வேலியைத் தாண்டவில்லை. மனிதனுக்கு மறைந்திருக்க மட்டுமே செய்தது. தென் கரோலைனாவில் கழுத்துப்பட்டியிட்ட கலைகளைத் தொடர்ந்தவர்கள், வேட்டைக்காரன் ஒருமுறை அமர்ந்து சென்ற பரணின் அயலை அவை பகலிற் சில நாள்கள் தவிர்த்ததைப் பதிந்துள்ளனர். ஆக, சரியாகக் கணித்து அமர்ந்தவனே தன் கணிப்பைப் பொய்யாக்கிவிடுகிறான். வானியலார் கிரகணத்தைக் கணிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கோள் தன்னைப் பார்ப்பவரைப் பார்ப்பதில்லை. தேர்ந்த வேட்டைக்காரன் தன் மிகச்சிறந்த பரணில் ஒரு பருவத்தில் இருமுறையோ மும்முறையோதான் ஏறுகிறான். காற்று மாறிய நாளில் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். மானின் போக்கை ஆராய்ந்தவன் இறுதியில் தன் போக்கை ஒழுங்குசெய்யக் கற்றுக்கொள்கிறான்.

அவ்வாறு கற்கும் பொறுமையை இன்று கருவி கேலிசெய்கிறது. மரத்திற் கட்டிய கமரா, மான் வந்த கணத்திலேயே அதன் படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைக்கிறது. முன்னறிய வேண்டிய தேவையே குறைந்து, அறிவிப்புக் கிடைத்ததும் புறப்படலாம் என்ற நிலை தோன்றியுள்ளது. 1933இல் வேட்டைவிலங்குப் பேணுகை பற்றிய முதற் பெருநூலை எழுதி, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய அல்டோ லியோபோல்ட், வேட்டைக்காரனைக் காட்டில் எவரும் பார்ப்பதில்லை, ஆதலால் அவனது ஒழுக்கத்துக்கு அவன் மனச்சாட்சியே நடுவர் என்னும் கருத்தை வலியுறுத்தியவர். 1948இல் மறைந்த அவர் இக்கருவிகளைக் காணவில்லை. கண்டிருப்பின் அவற்றை விரும்பியிருப்பார் என்று கொள்ள இடமில்லை. அரிசோனா மாநிலம் 2022 சனவரி முதலாந் திகதியிலிருந்து வேட்டைக்குத் துணையாக இத்தகைய கமராக்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளது. பிற மாநிலங்கள் பலவற்றில் அத்தடை இல்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதில் வியப்பில்லை. மானை அறிந்து வீழ்த்துவதும் தகவல் பெற்று வீழ்த்துவதும் ஒன்றா என்பதில் வேட்டைக்காரரிடையேயே உடன்பாடில்லை.

இதற்கிடையே வினாவின் பயன் வேறொரு திசையில் திரும்பியுள்ளது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் அறியப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய், 2002இல் விஸ்கொன்சினிற் கண்டறியப்பட்டது. பிரியன் எனும் உருத்திரிந்த புரதத்தால் விளையும் அந்நோய்க்கு மருந்தில்லை. பிடிபட்ட மான் பிழைப்பதில்லை. பிணையைவிடக் கலையிலும், இளங்கலையைவிட முதிர்ந்த கலையிலும் அது மிகுதியாகக் காணப்படுகிறது. இளங்கலைகளை முதிரவிடுக என்று பரப்பப்பட்ட கொள்கைக்கு இது பெருஞ்சிக்கல். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக நிறுவப்படவில்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணற்க என்றே அறிவுறுத்தப்படுகிறது. பல ஆண்டுகள் தேடி வீழ்த்திய கலையின் நிணநீர்க் கணுவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, விடை வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் அம்மாநிலத்தின் தென்பகுதியில் ஏராளம்.

ஆண்குட்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டு வயதிற் பிறந்த இடத்தைவிட்டுச் சில மைல் அகன்று வேறிடத்திற் குடியேறுகின்றன. அவற்றுடன் நோயும் பயணம் செய்கிறது. தென்மேற்கு விஸ்கொன்சினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெண்வால் மான்களுக்குக் கழுத்துப்பட்டியிட்டு, அவை எங்குச் சென்றன, எத்தனை நாள் வாழ்ந்தன, எதனால் மடிந்தன என்று அம்மாநில இயற்கைவளத் திணைக்களத்தார் பதிந்தனர். நாளை அது எவ்வழியால் வரும் என்று பரணிலிருந்தவன் கேட்ட அதே கேள்வியை இப்பொழுது நோயியலாளர் தம் வரைபடத்தின்முன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.