பாவித்த காரும் வெள்ளத்தின் சாட்சியும்

வெளிநாடுகளில் வாழும் நம்மவர் என்னிடம் கேட்கும் கேள்விகளில், அரசியலுக்கு அடுத்தபடியாக அதிகம் இடம்பெறுவது கார் விடயம்தான். ஊரிலுள்ள அக்காவுக்கோ தம்பிக்கோ ஒரு கார் எடுத்துக்கொடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம் மக்களின் தளராத நம்பிக்கை. எனக்கு எஞ்சின் கழற்றத் தெரியாது. ஆயினும், சொல்லப்படுவதற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே முப்பது ஆண்டுகளாக என் தொழில். பாவித்த காரை மதிப்பிடுவதற்கும் பெரும்பாலும் அதுவே தேவைப்படுகிறது.

அண்மையில் கனடாவிலுள்ள நண்பர் ஒருவர் இப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். அவருடைய அக்கா குடும்பம் இலங்கைத்துறையில் இருக்கிறது. மூதூரைக் கடந்து தெற்கே, களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அண்டிய ஊர் அது. அத்தானை வாரத்தில் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகத் திருகோணமலை நகருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒருகாலத்தில் இவ்வழியே பயணம் என்றால் துறைக்குத் துறை ‘பாதை’க்காகக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், பின்னர் ஏனைய பாலங்கள் எழுந்ததும் அந்த நிலையை மாற்றின. இப்போது வீதி இருக்கிறது. வழியில் நின்றுவிடாத வாகனம்தான் வேண்டும்.

நோயாளி சாய்ந்து அமர இடம் வேண்டும். எரிபொருள் குறைவாகச் செலவாக வேண்டும். குறுகிய ஒழுங்கையில் திரும்பவும் வேண்டும். ஆகவே சிறிய அல்ட்டோ வகைக்கு ஒரு படி மேலான ஹட்ச்பெக் கார்களையே நாடினோம். நம் நாட்டில் அந்த வரிசை என்றால் ஹொண்டா பிட், டொயோட்டா அக்குவா, சுசுகி சுவிப்ட் ஆகியனவே முதலில் நினைவுக்கு வரும்.

இங்கே சந்தையின் கதையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பின்னரே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. கை மாறமாற விலை ஏறியது. விலை ஏற ஏற, குறையை மறைப்பதால் வரும் இலாபமும் ஏறியது.

செய்திக்கு ஒரு மூலம் போதாது என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் சொல்வார்கள். காருக்கும் அப்படியே. முதல் மூலம் தாள். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தியாண்டு, நிறம், முன்னைய உரிமையாளர்கள், லீசிங் நிறுவனத்தின் உரிமை நீங்கியதா என்பவற்றைப் பாருங்கள். அடிச்சட்ட இலக்கத்தைக் காரில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உரிமை மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறி வந்த காராயின், விற்பவர் யாரென்பதே கேள்வியாகிவிடும். ஜப்பானிய ஏலத்தாளைக் காட்டினால், அதையும் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு தனியாகச் சரிபார்க்க வேண்டும். போலித் தாள்களும் உலவுகின்றன.

இரண்டாவது மூலம் காரின் உடல். மீற்றரைப் பின்னோக்கித் திருப்பலாம். தேய்ந்த பிரேக் மிதியைத் திருப்ப முடியாது. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. பொனற்றைத் திறந்து மட்கார்ட் ஆணிகளின் தலையைப் பாருங்கள். பெயின்ற் உடைந்திருந்தால் ஒருமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று, உங்கள் முன்னிலையில் இயக்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைய வேண்டும். எயார்பாக் விளக்கு எரியவே இல்லையெனில் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

கீழ் மாகாணக் கரையோரத்துக்கென்று இரண்டு விசேட சாட்சிகள் உண்டு: உப்பும் வெள்ளமும். வாடைக் காலத்தில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கதவின் கீழ்விளிம்பையும் பின்சில்லு வளைவையும் அடித்தட்டின் பொருத்துகளையும் தின்னும். மேலே புதுப்பெயின்ற் பளபளக்கும். கீழே குனிந்து பார்ப்பவருக்கே உண்மை தெரியும்.

வெள்ளம் இன்னும் தந்திரமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது மகாவலியின் கீழ்ப்புலங்கள் நீரில் அமிழ்ந்தன. மாவிலாற்று அணைக்கட்டும் உடைப்பெடுத்தது. வீடுகளோடு வாகனங்களும் நனைந்தன. முழுக் காப்புறுதி உள்ளவர்களின் கார்கள் சில ‘முற்றிலும் சேதம்’ எனக் கணக்கிடப்பட்டு, கேள்விப்பத்திரம் மூலம் விற்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பிவரும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு சதமும் கிடையாது. அவர் காயவைத்து, கழுவி, வேறூருக்கு விற்கவே பார்ப்பார்.

ஹைபிரிட் கார்களில் இதன் பொருள் வேறு. அக்குவாவின் பெரிய பற்றரி பின்னாசனத்தின் கீழே இருக்கிறது. பிட் ஹைபிரிட்டில் அது டிக்கித் தரையின் அடியில் இருக்கிறது. இடுப்பளவு நீர் கூட வேண்டாம்; ஆசன உயரத்துக்கு ஏறிய நீரே காரின் விலையுயர்ந்த உறுப்பைத் தொட்டுவிடும். அன்று ஓடும், ஆறு மாதத்தில் அரிப்பு தன் வேலையைக் காட்டும்.

நாங்கள் பார்த்த அக்குவா நகருக்கு வெளியே ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. வெள்ளை நிறம், நல்ல விலை, இனிய மனிதர். "வெள்ளம் இந்தப் பக்கமே வரயில்லை, சேர்" என்றார். உடன்வந்த மெக்கானிக் தம்பி பதிலேதும் பேசாமல் பின் ஆசனப் பட்டியைப் பிடித்து முழு நீளத்துக்கும் இழுத்தார். நாம் வழக்கமாக அணியும் பகுதி சுத்தமாக இருந்தது. சுருளுக்குள் கிடந்த பகுதியில் மண்ணிறக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆசனத் தண்டவாள ஆணிகளில் துரு. கம்பளத்தின் கீழே மென்வண்டல். "ஐயா, இருக்கையைக் கழுவுவினம், பட்டியின்ர அடியை ஆரும் கழுவிறதில்லை" என்று வெளியே வந்தபின் சொன்னார்.

நனைந்த காரை விற்பது குற்றமன்று. அதைச் சொல்லி, அதற்குரிய விலை கேட்டால் வாங்கவும் ஆளுண்டு. சொல்லாமல் விடுவதுதான் குற்றம். அந்தக் காரில் பயணிக்கப் போகிறவர், நடுவழியில் இரண்டு மணிநேரம் வெயிலில் காத்திருக்க முடியாத நோயாளி.

முடிவில் எடுத்தது பழைய சுவிப்ட் ஒன்று, பெற்றோல் மட்டும். கதவில் நசுங்கல் இருந்தது. அது எப்படி வந்ததென்று உரிமையாளரான தாதி தாமாகவே சொன்னார். சேவிஸ் பற்றுச்சீட்டுகளும் ஒழுங்காக இருந்தன. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்று நண்பர் முணுமுணுத்தார். அக்காவோ ஒன்றும் சொல்லாமல், அத்தானுக்குத் தலையணை வைக்கப் பின்னாசனத்தை அளந்துகொண்டிருந்தார்.

கடல் கடந்து வாழும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பிவிட்டு, "நாளைக்கே எடு" என்று ஊரிலிருப்பவரை அவசரப்படுத்தாதீர்கள். காருக்கான பணத்தோடு, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரின் அரைநாள் கூலியையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் சிறு தொகைதான் முழுத்தொகைக்கும் காவல்.