பயிற்றுநரின் நாவு

விளையாட்டுப் பயிற்சி அளிப்பவரை ஆங்கிலத்தில் ‘கோச்’ என்பர். அச்சொல்லின் பிறப்பிடம் ஹங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்று. அவ்வூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து கரை சேர்த்த ஆசிரியரையும் வேடிக்கையாக அவ்வண்டியின் பெயரால் அழைத்தனர். விளையாட்டுக் களத்திற்கு அச்சொல் வந்தது அதன் பிறகே. அரபியில் பயிற்றுநரை ‘முதர்ரிப்’ என்கிறோம். அதே வேரெழுத்துகளையுடைய ‘தர்ப்’ என்பதற்குப் பாதை என்று பொருள். தமிழோ, பயில்பவன் மாணவன், பயிலச் செய்பவர் பயிற்றுநர் என்று நேரே சொல்லிவிடுகிறது. ஒன்று வண்டி, ஒன்று பாதை, ஒன்று பயில்வித்தல். மூன்றிலும் வெற்றிக் கோப்பை என்ற பொருள் எங்கும் தென்படவில்லை.

இந்தச் சொல்லாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் தங்கையின் இளைய மகன். பதினான்கு வயதினன், பள்ளியின் கூடைப்பந்து அணியில் சேர்க்கப்பட்டிருக்கிறான். “காக்கா, மாலை முழுவதும் பந்தும் கையுமாகத் திரிகிறான். நிறுத்திவிடட்டுமா? நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள் தங்கை. அஸர் தொழுதுவிட்டு மைதானத்திற்குச் சென்றேன்.

பையன் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தான். வளையத்தின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. மீண்டும் எறிந்தான், மீண்டும் அதுவே. “கண்ணைப் பொத்திக்கொண்டா எறிகிறாய்? உனக்கெல்லாம் பந்து எதற்கு?” என்று முழங்கினார் பயிற்றுநர். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். என் பக்கத்தில் நின்றிருந்த முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் மெல்லிய குரலில், “முழங்கை வெளியே விலகுகிறது. பந்துக்கு நேர் கீழே கொண்டுவந்தால் போதும்” என்றார். பையனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம். அது என் காதில் விழுந்தது. அவன் காதில் விழவில்லை.

நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் ‘ளாத்’ எழுத்து மூன்று நாட்கள் எனக்கு வசப்படவில்லை. எங்கள் உஸ்தாத் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். ஆயினும் நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும் என்று தம் வாயைத் திறந்தே காட்டினார். முதலில் சரியாக ஒலித்தார். அடுத்து நான் ஒலித்த பிழையை அப்படியே ஒலித்தார். பிறகு மறுபடியும் சரியாக ஒலித்தார். நான்காம் நாள் எழுத்து வாயில் வந்து அமர்ந்தது. இதே முறையை அமெரிக்க நாட்டின் பெரும் பயிற்றுநர் ஒருவர் கையாண்டார் என்று பின்னாளில் படித்தபோது என் வியப்புக்கு அளவில்லை. அவரைப் பற்றிப் பிறகு கூறுகிறேன்.

கூடைப்பந்து பிறந்ததே ஒரு வகுப்பில்தான். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு முரண்டு பிடித்த 18 மாணவர்களை வசப்படுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கண்ட வழி அது. பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் அறைந்தார். அவ்விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தமையால் இன்றளவும் வளையத்தின் உயரம் பத்தடியே. அவர் எழுதிய 13 விதிகளில் நடுவர் உண்டு, அணித்தலைவர் உண்டு, பயிற்றுநர் இல்லை. பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவரே பயிற்றுநர் பொறுப்பேற்றபோது 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கே தோல்வி மிகுதி என்பதை நம் பெற்றோர்கள் சற்று நினைவில் கொள்ளலாம்.

அப்பத்தடி வளர்ந்தோருக்கு வாய்த்த உயரம். எட்டு வயதுச் சிறுவனை அதன் கீழே நிறுத்தினால், இடுப்பிலிருந்து இரு கைகளாலும் பந்தை வீசியெறியவே பழகுவான். அப்பழக்கம் பின்னர் எளிதில் அகலாது. ஆகவே 1950இல் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டனில் ஜே ஆர்ச்சர் என்பவர் வளையத்தைத் தாழ்த்திப் பந்தையும் சிறிதாக்கிச் சிறார் கூடைப்பந்தைத் தொடங்கினார். அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்புகள் வெளியிட்ட நெறிமுறைகளும் 7, 8 வயதினருக்கு எட்டடி, 9 முதல் 11 வரை ஒன்பதடி, அதன் பிறகே பத்தடி என்கின்றன. பதினான்கு வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்பதும் அவற்றின் அறிவுரை. அலிஃப் பே அறியாத பிள்ளையின் கையில் பெரிய கிதாபைக் கொடுப்பார் உண்டோ?

உயரத்தைத் தாழ்த்துவது எளிது. நாவைத் தாழ்த்துவதுதான் அரிது. களத்தில் ஆடுவோர் ஐவரே. எஞ்சியோர் பெஞ்சில் அமர்ந்திருக்க, யார் ஆடுவது, யார் காத்திருப்பது என்பதைப் பயிற்றுநரே முடிவு செய்கிறார். பள்ளிப் பருவத்துப் பிள்ளை, தந்தையின் சொல்லைக்கூடத் தட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்து நிற்கும். அந்த முகத்திலிருந்து வரும் சொல் எத்தகையது?

நம்மவர் நன்கறிந்த கரீம் அப்துல் ஜப்பாரின் இளமைக்காலத்தை இங்கே நினைக்கிறேன். அப்போது அவர் பெயர் லூ அல்சிண்டர். நியூயார்க் நகரின் பவர் மெமோரியல் பள்ளி மாணவர். அவருடைய அணி தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றது. பயிற்றுநர்பால் அவருக்குப் பேரன்பு இருந்தது. ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், அவர் முனைந்து ஆடவில்லை என்று சினந்த பயிற்றுநர், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை அந்தச் சிறுவன்மீது வீசினார். அணி அன்று வென்றது. சொல் வேலை செய்துவிட்டது என்று பயிற்றுநர் மகிழ்ந்தார். சிறுவனோ அதை மறக்கவில்லை. 1983இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் எழுதினார். எழுபத்தொரு வெற்றிகளில் ஒன்றும் அச்சொல்லை ஆற்றவில்லை.

அந்த வெற்றித்தொடரை 1965 ஜனவரியில் முறித்தது மேரிலாந்து மாநிலத்து டிமாத்தா பள்ளி; 46க்கு 43 என்பது கணக்கு. அதன் பயிற்றுநர் மார்கன் வூட்டன் வரலாற்றாசிரியர். ஏழடி உயர அல்சிண்டரின் கை எட்டும் தூரத்தைத் தம் மாணவர்க்கு உணர்த்த, அவர் அதட்டவில்லை. பயிற்சியின்போது டென்னிஸ் மட்டையை ஒருவர் கையில் கொடுத்துத் தடுக்கச் செய்தார். பிள்ளைகள் மட்டைக்கு மேலே பந்தை உயர்த்தி எறியக் கற்றனர். கரும்பலகையில் படம் வரைந்து காட்டும் ஆசிரியரின் புத்தி அது. அவர் 2002 வரை 46 ஆண்டுகள் அதே பள்ளியில் இருந்து 1,274 ஆட்டங்களில் வெற்றி கண்டார்.

இனி நான் முன்னர் குறித்தவர்: ஜான் வூடன். ஆங்கில ஆசிரியராக உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராண்டுகள் பணியாற்றியபடியே பயிற்சி அளித்தவர். முதல் ஆண்டில் அவருக்குத் தோல்வியே மிகுதி. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள பல்கலைக்கழகத்தில் 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வென்றார். லூ அல்சிண்டரும் அங்கே அவரிடம் பயின்றார். ஒவ்வோராண்டும் முதல் நாள் பாடம் என்ன தெரியுமா? காலுறையைச் சுருக்கமின்றி இழுத்து அணிவதும், காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும்! சுருக்கம் இருந்தால் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் ஆட முடியாது. ஒளூவின்போது விரலிடுக்குகளில் நீர் சென்றதா என்று பார்க்கும் மக்தப் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார்.

அவருடைய கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்டு கல்லிமோர் என்ற கல்வி உளவியலாளர் இருவர் பயிற்சிக் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, அவர் கற்பிக்கச் செய்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டனர். மொத்தம் 2,326. அவற்றுள் புகழ்ச்சி ஏறத்தாழ 7 விழுக்காடு. அதிருப்தியும் ஏறத்தாழ அவ்வளவே. முக்கால் பங்கு வெறும் கற்பித்தல்: எதைச் செய்வது, எப்படிச் செய்வது. அவையும் பெரும்பாலும் சிறு வாக்கியங்கள். ஒரு பிள்ளை தவறினால் சரியான முறையைச் செய்து காட்டுவார். அவன் செய்த தவற்றைச் செய்து காட்டுவார். மறுபடியும் சரியான முறையைச் செய்து காட்டுவார். ‘ளாத்’ பாடமேதான்! அவ்விருவரும் 1976இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பயிற்றுநர் ஒருவர் ஆசிரியருக்கு எதைக் கற்பிக்கக்கூடும் என்பதாக இருந்தது. முப்பதாண்டு கரும்பலகை முன் நின்ற எனக்குத் தைத்த தலைப்பு.

அவர் கனிவே உருவானவர் என்று எண்ணிவிட வேண்டாம். கண்டிப்பில் எங்கள் உஸ்தாதுக்குச் சளைத்தவர் அல்லர். ஆனால் கண்டிப்போடு வழியும் சேர்ந்து வந்தது. “தவறு” என்ற சொல்லுக்கு அடுத்த சொல் “இப்படிச் செய்” என்பதாக இருந்தது.

தங்கையிடம் பையனை நிறுத்த வேண்டாம் என்றே சொன்னேன். வீட்டு முற்றத்தில் அவனை நிறுத்தி முழங்கைச் செய்தியை நானே கூறினேன். “மாமா, இதை யாரும் சொல்லவில்லையே!” என்றான். ஆட்டத்திற்கு ஆட்டம் அவன் பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறான் என்ற குறை மட்டும் தங்கைக்கு நீங்கவில்லை. அவளுக்கு ஸ்வென் நேட்டரின் கதையைக் கூறினேன். உயர்நிலைப் பள்ளி அணியில் இடம் பெறாதவர் அவர். பின்னர் வூடனிடம் சேர்ந்தும், பில் வால்டன் என்ற பேராற்றல் மிக்கவருக்கு மாற்றாகவே இருந்தார். அங்கே ஆட்டம் ஒன்றிலேனும் தொடக்க ஐவரில் ஒருவராக அவர் களம் இறங்கியதில்லை. நாள்தோறும் பயிற்சியில் வால்டனை எதிர்த்து நிற்பதே அவர் பணி. 1973இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதற்சுற்றிலேயே அவர் எடுக்கப்பட்டார். 2006இல் வூடனின் கற்பிக்கும் முறையைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் இருவர்: ஒருவர், களத்தின் ஓரத்தில் அமர்ந்து குறிப்பெடுத்த கல்லிமோர், மற்றவர், பெஞ்சில் அமர்ந்திருந்த நேட்டர்.