காவிரி வராத காவிரிப் படுகை

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் காலேஜ் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தவள், திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். (தாத்தாவுக்குக் கண்ணில் புரை. ஆனாலும் பேப்பர் சேதி கேட்காமல் டீ இறங்காது.) ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓ.என்.ஜி.சி. 20 இடங்களில் ஆய்வுக் கிணறு தோண்டப் போகிறது, அனுமதியும் கொடுத்தாகிவிட்டது என்பது சேதி. "காவிரிப் படுகையில்..." என்று அவள் படித்ததும் தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏத்தா, காவிரி நம்ம பக்கம் எப்பத்தா வந்துச்சு?"

நக்கலாகத்தான் கேட்டார். ஆனால் சரியான கேள்வி.

இந்தச் சீமைக்குத் தெரிந்த ஆறு குண்டாறு. திருச்சுழியைத் தொட்டு ஓடி (ஓடி என்பது பேச்சுக்கு, வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான்), கமுதியைத் தாண்டி ராமநாதபுரம் பக்கம் போய், மிச்சம் மீதி இருந்தால் மன்னார் வளைகுடாவில் சேரும். கமுதிக்கிட்டே இதிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலுக்கு ரகுநாத காவிரி என்று பெயர். சேதுபதி மன்னர்கள் காலத்தது. பெயரளவில் காவிரி வந்தது அவ்வளவுதான்!

எண்ணெய்க் கம்பெனிகளின் வரைபடத்தில் மட்டும் கணக்கு வேறு. பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கோண்டுவானாக் கண்டம் உடைந்தபோது இந்தக் கிழக்குக் கரை ஓரமாகப் பள்ளங்கள் விழுந்தன. அவற்றில் மண்ணும் சேறும் கிலோமீட்டர் கணக்கில் படிந்து பாறையாயின. புதுச்சேரிப் பக்கம் தொடங்கி மன்னார் வளைகுடா வரைக்கும் உள்ள அத்தனை பள்ளங்களுக்கும் சேர்த்து புவியியல்காரர்கள் வைத்த பெயர்தான் காவிரிப் படுகை. தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாதிரியே ராமநாதபுரமும் அதில் ஓர் உள்பிரிவு. அருப்புக்கோட்டைக்குக் கீழே இருப்பது கடினப்பாறை, அங்கே எண்ணெய் தேடி யாரும் வரமாட்டார்கள். கிழக்கே போகப் போகத்தான் படிவுப் பாறை, அதில்தான் எரிவாயு.

அந்த எரிவாயு புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூரில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயுவை எரித்துத்தான் மின்வாரியம் கரண்ட் எடுக்கிறது. இரண்டு யூனிட்டும் சேர்த்து 187 மெகாவாட். அப்புறம் இந்தியன் ஆயில் கம்பெனி ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தது. சுமார் 700 கோடி ரூபாய் செலவு. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை 2021 மார்ச்சில் நாப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. தாத்தா சொசைட்டியில் வாங்கி வரும் யூரியா மூட்டை இப்படித்தான் மண்ணுக்கடியிலிருந்து புறப்படுகிறது. ஆக, எரிவாயுவே வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமாகாது. டெல்டாவிலோ ராமநாதபுரத்திலோ கிணறு தோண்டாவிட்டால் அதே வாயுவைக் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வாங்கத்தான் வேண்டும். கம்பெனி தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த 143 கிலோமீட்டர் குழாயைப் பிரதமர் திறந்து வைத்தது 2021 பிப்ரவரி 17. சரியாக நாலு நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய்த் திட்டம். ஒன்று திறப்பு விழா, மற்றது அடிக்கல். வாயு போகும் வழி முடிந்து விட்டது. தண்ணீர் வரும் வழி இன்னும் குண்டாற்றை எட்டவில்லை. கால்வாய்க்குச் செலவும் நிலமும் பல மடங்கு அதிகம், ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். சரி. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்காக வானத்தைப் பார்க்கிறவனுக்கு இந்த நாலு நாள் வித்தியாசம் கண்ணில் படாமல் போகுமா?

இப்போது அந்த 20 கிணறு. சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்பில், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு வாயு இருக்கிறதா என்று பார்ப்பது திட்டம். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. வெளியே தெரிந்தது ஆகஸ்டில்! நடுவில் ஐந்து மாதம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கவில்லையா என்றால், கேட்க வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. இது வெறும் ஆய்வு, உற்பத்தி இல்லையே என்பது வாதம். இத்தனை ஆழத்துக்குத் துளை இறங்கும்போது மேலே இருக்கும் கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீர் அடுக்கையும் தாண்டித்தான் இறங்கும். இரும்புக் குழாய் இறக்கி சிமென்ட் பூசி அதைக் காப்போம் என்கிறார்கள். காக்கலாம். ஆனால் கொஞ்சம் தள்ளித் தோண்டினாலே உப்புத் தண்ணீர் வரும் ஊரில், "பூச்சு விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க ஒரு கூட்டமாவது வேண்டாமா?

இதே 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபையில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நெடுவாசல், கதிராமங்கலம் என்று 2017-இல் டெல்டா மக்கள் தெருவில் இறங்கியதன் பலன் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர் புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள்... அங்கெல்லாம் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது. ராமநாதபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணெய் எடுக்க என்றால் ராமநாதபுரம் காவிரிப் படுகை, பாதுகாக்க என்றால் காவிரி டெல்டா மட்டும்! வேடிக்கையாக இல்லை?

நெல் விளைகிற பூமிக்குத்தான் சட்டம் என்று எழுதாமல் எழுதியிருக்கிறார்கள். வறண்ட சீமை என்றால் காலி இடம் என்று நினைப்பு. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலியை வெட்டி வைத்தவர்கள் இந்த வறண்ட சீமைக்காரர்கள். வெள்ளாமை மழையை நம்பி. குதிரைவாலி, பருத்தி, மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு மிளகாய்க்குக் கிடைத்தது, அது விளையும் நிலத்துக்கு ஒரு காப்பும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் பேத்தி மறுபடி பேப்பரை விரித்தாள். அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு மாநில அரசு சொல்லிவிட்டது, எந்த வடிவத்திலும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை அனுமதிக்கமாட்டோம் என்று அமைச்சர் அறிக்கை. அப்போது நிதியோடு சுற்றுச்சூழல் துறையையும் வைத்திருந்தவர் தங்கம் தென்னரசு, திருச்சுழித் தொகுதி எம்.எல்.ஏ.

"நம்ம தொகுதி மந்திரிதான் தாத்தா சொல்லியிருக்கார்."

"கேன்சல் ஆயிருச்சா?"

"பண்ணச் சொல்லியிருக்காங்க தாத்தா."

"சொல்றது வேறத்தா, பண்றது வேற. அந்தச் சட்டத்துல நம்ம சீமையச் சேத்துட்டாகளா?"

"அதப் பத்தி ஒண்ணும் போடல."

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாசிக்கு முன்னால் மூன்று குறுக்கத்தையும் உழுதாக வேண்டும். டிராக்டர்க்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சரி, அத மடி. மழை பத்தி என்ன போட்டுருக்கான் பாரு."