பந்திக்குப் பிந்தும் மீன்

கண்ணாடித் தொட்டியிலே பல்வகை மீன்களை ஒன்றாக வளர்ப்பது இனிய பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, அஃது ஒரு சிறு சமுதாயத்தை நிருவகிக்கும் பொறுப்பு என்பது புலனாகும். அமேசன் வடிநிலத்து நியோன் ரெற்றாவும், மேற்கு ஆபிரிக்காவின் கிறிபென்சிசும், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கே உரிய செரி பாபும் இயற்கையில் ஒருபோதும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மனிதனே அவற்றை மூன்றடி நீளமான கண்ணாடிச் சுவர்களுக்குள் அயலவராக்கி வைக்கிறான். அவ்வாறு வைத்தவன் அவை அனைத்துக்கும் உணவளிக்கும் கடமையையும் ஏற்றவனாகிறான். ஆயின், அக்கடமை நாள்தோறும் தவறாது நிறைவேறுகின்ற தொட்டியிலும் ஒரு மீன் பட்டினியால் மெலிந்து மடிவதுண்டு. அது பெரும்பாலும் குறுஞ்சிக்கிலிட் எனப்படும் சிறுமீனாகவே இருக்கும்.

சிக்கிலிட் என்பது பெரியதொரு மீன்குடும்பம். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளத்து மீனாகச் சந்தையில் விற்கப்படும் திலாப்பியாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அக்குடும்பத்தின் சிற்றுருவினரே குறுஞ்சிக்கிலிட்டுகள். அவற்றுள் நன்கு அறியப்பட்டது றாமிரெசி. வெனிசுவேலா, கொலம்பியா ஆகிய நாடுகளின் ஒறினோக்கோ ஆற்றுப் புல்வெளிகளே அதன் தாயகம். ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் நீளம், பொன்மஞ்சள் முகம், கண்ணை ஊடறுத்துச் செல்லும் கருங்கோடு, உடலெங்கும் நீலப்புள்ளிகள் என அமைந்த எழிலான மீன் அது. மயர்சு, ஹரி என்னும் இருவர் 1948ஆம் ஆண்டில் அதனை விஞ்ஞான உலகுக்கு விபரித்தனர். பின்னர் அது 'மைக்குரோசியோபாகசு' என்னும் சாதியில் அடக்கப்பட்டது. அப்பெயர் 'சிறிய மண்ணுண்ணி' எனப் பொருள்படும். அதன் உணவுமுறை முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

றாமிரெசி மண்ணை உண்பதில்லை. அடித்தளத்து மணலை ஒரு வாய் அள்ளி, உள்ளேயே அரித்து, அகப்படும் நுண்ணுயிரை விழுங்கிவிட்டு, எஞ்சிய மணலைப் பூக்களின் வழியாகவும் வாயின் வழியாகவும் வெளியேற்றுகின்றது. சிக்கிலிட்டுகளுக்கு முகத்திலுள்ள தாடைகளையன்றித் தொண்டையினுள்ளும் ஒரு சோடித் தாடைகள் உண்டு. முன்தாடை பற்றுவதற்கு, பின்தாடை அரைப்பதற்கு. உணவை வாயில் எடுத்து, வெளியே துப்பி, மீண்டும் எடுப்பதும் இவற்றின் வழக்கமே. அதனைக் கண்டு 'மீனுக்கு இவ்வுணவு பிடிக்கவில்லை' என முடிவுசெய்வோர் பலர். உண்மையில், பிடிக்காத உணவை அது இரண்டாம் முறை எடுப்பதில்லை. அப்பிஸ்ரோகிரம்மா என்னும் மற்றொரு சாதியினவோ காட்டோடைகளின் அடியிற் படிந்த உதிர்ந்த இலைகளுக்கிடையே புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் தேடித் தின்பன. இவற்றுக்கெல்லாம் உணவென்பது ஒரே வேளையில் வந்து குவிவதன்று. பகல் முழுவதும் சிறிது சிறிதாகத் தேடிப் பெறுவது.

இத்தகைய மீனைப் பல்லினத் தொட்டியில் விட்டபின் நிகழ்வது யாது? மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை மிதக்கும் செதிலுணவைத் தூவியதும் ரெற்றாக்களும் பாப்களும் நீர்மட்டத்துக்குப் பாய்கின்றன. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்னும் பழமொழி அவற்றுக்கென்றே பிறந்தது போலும்! அரை நிமிடத்தில் மேற்பரப்பு வெறுமையாகின்றது. தப்பிக் கீழே இறங்கும் துகள்களைக் கொறிடோரசு முதலிய அடித்தள மீன்கள் மீசையால் துழாவி எடுத்துவிடுகின்றன. குறுஞ்சிக்கிலிட் வேரின் நிழலில் நின்று, எது உண்ணத்தக்கது எனக் கண்ணைச் சுழற்றிப் பார்ப்பதற்குள் பந்தி முடிந்துவிடுகின்றது.

இந்நிலையை உணர்ந்தோரும் பெரும்பாலும் தவறான பரிகாரத்தையே நாடுகின்றனர். ஒரு சிட்டிகை போதாதென்றால் இரண்டு சிட்டிகை. அதுவும் போதாதென்றால் மூன்று. முந்துபவை மேலும் கொழுக்கின்றன. அவையும் உண்ணாது விட்டவை கற்களுக்கிடையே அழுகுகின்றன. அழுகும் உணவிலிருந்து அமோனியா பிறக்கின்றது. அதனை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் உள்ளனவெனினும், அவற்றின் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. எல்லை மீறியதும் அமோனியாவும் நைத்திரைற்றும் நீரில் தேங்குகின்றன. அந்த நஞ்சினால் முதலில் வருந்துவனவற்றுள் றாமிரெசியும் ஒன்று. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது இங்கு உவமையன்று, இரசாயன உண்மை. எந்த மீனுக்காக உணவு கூட்டப்பட்டதோ அந்த மீனே உணவையும் பெறாது, அதன் விளைவான நஞ்சையும் ஏற்கின்றது.

யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஓர் இளைஞன் இவ்வாறே மூன்றாவது சிட்டிகையைத் தூவிக்கொண்டிருந்தான். மீன் வளர்ப்பைப் பற்றி எதுவும் அறியாத அவனது தாயார் சற்றுநேரம் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டு, "தம்பி, நீ எல்லாத்தையும் மேலை போடுறாய். அந்தச் சின்னன் கீழை எல்லோ பாத்துக்கொண்டு நிக்குது. அதுக்கு ஒண்டும் போய்ச் சேரேல்லை" என்றார். கலியாண வீடுகளில் எத்தனையோ பந்திகளுக்குப் பரிமாறியவர் அவர். பரிமாறுபவரின் கண் அகப்பையில் அன்று, இலையில் இருத்தல் வேண்டும் என்பது அவரது கைப்பழக்கம். குறுஞ்சிக்கிலிட்டுக்கு முறையாக உணவளிக்கும் கலையின் சாரமும் அதுவே.

அக்கலை தோழர்களைத் தெரிவதில் தொடங்குகின்றது. வேகமும் முரட்டுத்தனமும் மிக்க புலிப் பாப் போன்றவற்றுடன் இவற்றைச் சேர்த்துவிட்டு உணவைப் பற்றிக் கவலைப்படுவதாற் பயனில்லை. நீரின் வெப்பமும் உணவோடு தொடர்புடையது. றாமிரெசி 27 முதல் 30 பாகை செல்சியசு வரையான இளஞ்சூட்டு நீரை விரும்புவது. நீர் குளிர்ந்தால் அதன் பசியும் மந்தமாகும். நியோன் ரெற்றாவோ அதனிலும் குளிர்ந்த நீருக்குரியது. எனவே றாமிரெசிக்கு அயலவராக, அச்சூட்டைத் தாங்கும் காடினல் ரெற்றாவே பொருத்தமானது.

அடுத்தது இடம். முதலில் தொட்டியின் ஓர் அந்தத்தில் செதிலுணவைச் சிறிதளவு தூவி, விரைந்தோடும் மீன்களை அங்கே கூட்டிவிடல் வேண்டும். அவை அதில் ஈடுபட்டிருக்கும்போது, ஆய்வுகூடத்தில் பயன்படும் குழாயி போன்ற நீண்ட குழாயினால் மறு அந்தத்தில், குறுஞ்சிக்கிலிட் நிற்கும் இடத்துக்கருகே, அதற்குரிய உணவை மெல்ல இறக்கலாம். சில நாட்களில் அக்குழாயைக் கண்டதும் மீன் தானே முன்வரும். அடித்தள மீன்களின் பங்கை விளக்கணைத்த பின்னர் இடுவதால் அந்தப் போட்டியும் தணியும்.

உணவின் வகையிலும் கவனம் தேவை. கடையிலிருந்து புதிதாக வந்த மீன் உலர்ந்த உணவை உணவென்றே அறியாதிருக்கலாம். அசைகின்ற நீர்த்தெள்ளும் ஆட்டீமியா எனப்படும் உவர்நீர் இறாலும் அதன் பசியைத் தூண்டும். உறைநிலையில் விற்கப்படும் இரத்தப்புழு, பெயரளவிலேயே புழு. உண்மையில் அது நுளம்பை ஒத்த, கடிக்காத ஒரு பூச்சியின் குடம்பி. அதனை உருகவைத்துக் கழுவி இடலாம். எனினும் அதுவே நாள்தோறும் உணவாகலாகாது. அமிழும் குறுணலுணவையும் சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று. கிறிபென்சிசு பாசியையும் தாவரப் பொருளையும் விரும்புவதாகையால் அதற்கு இலையுணவும் சேர்தல் வேண்டும். கழிவுநீர்ச் சேற்றில் அள்ளிய செம்புழு நோயைக் கொண்டுவரக்கூடும். நுளம்புக் குடம்பி சிறந்த உணவேயாயினும், அதற்கென முற்றத்தில் நீரைத் தேக்கிவைப்பது மீனுக்கு விருந்தும் மனிதருக்கு டெங்குக் காய்ச்சலுமாக முடியும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரே வேளையில் பெரும் உணவிலும் இரண்டு மூன்று வேளைச் சிற்றுணவே இயற்கைக்கு இசைந்தது. இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடியும் அளவே போதுமானது. எஞ்சியதை உடனே உறிஞ்சி அகற்றல் வேண்டும்.

குஞ்சுகளைக் காக்கும் தாய்மீனுக்குத் தனிக்கவனம் வேண்டும். மஞ்சள் நிறம் பூண்ட அப்பிஸ்ரோகிரம்மாப் பெண்மீன் குகைவாயிலை விட்டு உணவுக்காக நெடுந்தூரம் செல்லாது. அதனிருப்பிடத்துக்கே உணவு செல்லல் வேண்டும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு அப்போதுதான் பொரித்த ஆட்டீமியாக் குஞ்சுகள் ஏற்றவை. அதன் முட்டைகள் உப்புநீரில் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் ஒரு நாளளவிற் பொரிக்கும். நன்னீரில் அவை சில மணி நேரத்துள் இறந்துவிடுமாதலால் சிறிது சிறிதாகவே இடத்தக்கன.

இத்தனையும் செய்தும் மீனின் வயிறு ஒட்டியே இருப்பின், குற்றம் உணவில் இல்லாதிருக்கலாம். நன்றாக உண்டும் மெலிந்து, வெண்ணிற நூல் போலக் கழிக்கும் மீனின் குடலில் ஒட்டுண்ணிகள் இருத்தல் கூடும். அதற்கு வேண்டியது மேலும் உணவன்று, மருந்து. இவ்விரண்டையும் பிரித்தறிய அது உண்பதைக் கண்ணாற் கண்டிருத்தல் இன்றியமையாதது.

எல்லார்க்கும் பொதுவாகத் தூவப்பட்டது எல்லாரையும் சென்றடைந்தது என்று கொள்வது எளிது. தூவியவனுக்கு அதில் ஒரு மனநிறைவும் உண்டு. ஆனால் தூவியதற்கும் சேர்ந்ததற்குமிடையே ஒரு முழத் தண்ணீர் இருக்கின்றது. அந்த ஒரு முழத்தில் வேகமும் துணிவும் இடமும் பங்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, மூடியை மூடிய பின்னரும் இரண்டு நிமிடம் தொட்டியின் முன்னே அமர்ந்திருத்தல் வேண்டும். பாய்ந்து வந்தவற்றைப் பார்ப்பதற்கு அன்று. வேரின் நிழலில் நிற்கும் அந்தச் சிறுமீனின் வயிற்றுக்கோடு சற்றே புடைத்திருக்கின்றதா எனப் பார்ப்பதற்கு.